சுவரில் சிவப்புப் புள்ளி

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்ச மாட்டேன். அந்த ராத்திரி கெஞ்சியதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

2002, ஆனி மாதம். செவிலிமேட்டில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு எதிரே பாலாறு. என் வீட்டுக்காரர் ராஜவேலு, இருட்டியதும் ஆற்றில் இறங்கி லாரிக்கு மணல் அள்ளுவார். கள்ள மணல்தான். பள்ளம் சரிந்துவிடுமோ என்று எனக்கு தினமும் பயம். போன மாதம் கருட சேவைக் கூட்டத்தில், பிள்ளைகள் வாங்கும் லேசர் லைட் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"ஆபத்துன்னா நம்ம சுவத்துல மூணு தபா அடிக்கிறேன் காந்தா. ஆளுங்கள இட்டுக்கினு வா."

வழக்கமாக இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்று முகூர்த்த சீசன். பட்டுக் கடையில் புடவை மடித்துவிட்டுத் திரும்பப் பத்தரை ஆகிவிட்டது. பின்பக்கம் பாயைப் போட்டுப் படுத்தேன்.

மணி 1.10. ஏனோ விழிப்பு வந்தது. கரண்ட் இல்லை.

சுவரில் சிவப்புப் புள்ளி. ஒன்று... இரண்டு... மூன்று.

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளின் கதவைத் தட்டினேன். "அக்கா, சுவத்துல லைட்டு அடிச்சி அவரு கூப்புடுறாரு. அண்ணனை எழுப்புக்கா."

"லேசர் லைட்டா? செகண்ட் ஷோ உட்டு வர்ற பொறுக்கிப் பசங்கமா. போய்ப் படு."

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தனியாகவே ஆற்றில் இறங்கினேன். லாரி இல்லை. கொட்டகையில் காவல்காரன் முருகேசன் மட்டும் இருந்தான்.

"இன்னிக்கு லோடே எடுக்கலமா. உன் வூட்டுக்காரன் வரவேயில்ல."

சொல்லும்போதே அவன் சட்டையில் சிவப்புப் புள்ளி வந்து நின்றது. மூன்று முறை.

குனிந்து பார்த்தான். ஓடிவிட்டான்.

ஒளி வந்த பக்கம் திரும்பினேன். புழுதியில் ஒளிக்கோடு நூலாகத் தெரிந்தது. அங்கே பள்ளமே இல்லை. சமமான மணல்... அதற்குள்ளிருந்து வந்தது.

கையால் தோண்டினேன். சர்ர்... சர்ர்... தோண்டத் தோண்ட மூடியது.

கோடு என் உள்ளங்கையில் பட்டது.

ஒன்று...

இரண்டு...

மூன்றாவது வரவில்லை.

காலையில் பொக்லைன் வைத்து அவரை எடுத்தார்கள். பத்தடி ஆழம். கைக்குள் லேசர் லைட். மற்றவர்கள் முதல் லோடோடு போனபோது இவர் மட்டும் பள்ளத்தில் இருந்திருக்கிறார். திரும்பி வந்தவர்கள் மணல் மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு நழுவிவிட்டார்கள். முருகேசனும் அதை மறைக்கத்தான் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். ஒன்பது மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் ஒரு மணிக்கு என்னைக் கூப்பிட்டது...?

காரியத்தன்று ரேணுகாம்பாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஏழரை மணிக்கே உன் சுவத்துல அது வந்துதுமா. நீ வூட்ல இல்ல. மூணு மூணு தபாவா அடிச்சிக்கினே இருந்துது. தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சி. பசங்க வெளையாடுறானுங்கன்னு சிரிச்சோம்."

"எவ்ளோ நேரம்கா?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."