சந்தனக் கை

முதலில் காய்ச்சல், பிறகு இடது காலில் வீக்கம். கரும்பு வயலில் ஏதோ பூச்சி கடித்ததென்றுதான் நினைத்தேன். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கடைசியில் கொலுசு ஏறவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் யானைக்கால் என்றார்கள். நிணநீர் (உடம்பின் கழிவை அள்ளிச் செல்லும் தெளிந்த நீர்) போகிற பாதை அடைபட்டுவிட்டதாம்.

மாத்திரையோடு, நீவிவிடவும் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர். நீர் பள்ளத்துக்குத்தானே போகும் என்று, தொடையிலிருந்து பாதம் வரை அழுத்தித் தள்ளினார்.

"அய்யே, கீழ தள்ளாதீங்க! மொதல்ல தொடை இடுக்குல மெதுவா நீவி வழி வுடுங்க. அப்பறம் கீழேர்ந்து மேல" என்று நர்ஸம்மா தடுத்தார்.

அதன்பின் ஒரு மாலையும் என் வீட்டுக்காரர் தவறவிட்டதில்லை. காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, தோல் மட்டும் நகரும்படி நீவி, துணிக்கட்டுப் போடுவார். காய்ச்சலோ சிவப்போ இருந்தால் நீவக் கூடாது. நோய் போகாது, கால் லேசாகும், நடக்கலாம். இதே கால் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்தப் பொறுமையான கையை நான் முழுசாக நம்பினேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். மணலூர்பேட்டையில் பெண் வீட்டில் என் மகனுக்கு நிச்சயம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றேன்.

"ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுகிறாங்க. அந்தக் காலோட நீ தாண்டுவியா? நாங்க போய் தேதிய தள்ளி வெச்சிட்டு வரோம்" என்றார் வீட்டுக்காரர். சரியென்றுதான் பட்டது. புடவையை மடித்து வைத்தேன்.

மாலையில் திரும்பி வந்து, வழக்கம்போல் என் காலைத் தன் மடியில் வைத்தார். விரல்களில் சந்தன வாசனை.

"தட்டு மாத்தியாச்சா?"

கை நின்றது. "மரத்த நேத்தே எடுத்துட்டாங்க. உன் காலப் பாத்தா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு... என் தங்கச்சிதான் தட்டு வாங்கிச்சு."

வாசலில் மகன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. காலை இழுத்துக்கொண்டேன். அந்தக் கையை மறுபடி தொட விடவில்லை.

நானே நீவப் பழகினேன். முன்பு மாலை என்றால் அவர் வருகிற நேரம். இப்போது, வீங்கிய காலில் என் விரல் அழுத்திய குழி மறுபடி மேடாகும்வரை ஆகிற நேரம்.

கல்யாணத்தில் முன்வரிசையில் கட்டோடு காலை நீட்டி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் துண்டால் மூடினார். எடுத்து அவர் தோளிலேயே போட்டேன். சம்பந்தியம்மா அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"எங்க அக்காவுக்கும் இப்டித்தாங்க. உங்களுக்கு நல்லா வத்திகீதே! யாருங்க நீவி வுடறாங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன்.