பாக்கியத்தின் கோப்பை

தேயிலைக் கொழுந்து நிறுக்க நின்றபோது பாக்கியத்தின் மகன் வந்தான். கூடையை இறக்கக்கூட விடவில்லை. “அம்மா போயிருச்சு பெரியம்மா” என்றான். மார்ச்சளியாம். பாருங்கள், ஊரே பயந்த அந்த வாய்ப்புண் அவளைக் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்த எழுத்தில் இதை எழுதுகிறேன்.

மேல் லயத்துச் சனங்களே, நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

நாக்கிலும் உள்கன்னத்திலும் புண் வந்தால் அவள் சோற்றைக் கரைத்துத்தான் குடிப்பாள். காலில் சிவந்த கட்டிகள். தேயிலைக் குச்சி கீறின இடத்தில்கூடச் சீழ்க்கொப்புளம் எழும்பும். “அம்மாள் வந்திருக்கு” என்று பெரிய கங்காணியின் சம்சாரம் அவள் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டுப் போவார். வேப்பிலை கட்டின வீட்டுக்காரிக்கு, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கிடையாது. பேர் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அம்மை வந்தால் இறங்கிவிடும். இது திரும்பத் திரும்ப வந்தது. அம்மாளின் கோபம் என்றார்கள். அப்புறம் அவள் நடத்தையைப் பேசினார்கள். பேசினது யார் யார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் லயத்து வீட்டைவிட்டே போகச் சொல்லிக் கங்காணி ஆளனுப்பினார்.

நாங்கள் இருவரும் றொசல்லையில் ரயிலேறிக் கண்டிக்குப் போனோம். அங்கே ஒரு டொக்டர் மருந்தில்லாத வெறும் ஊசியால் அவள் கையில் குத்தி, தங்கவைத்துப் பார்த்தார். குத்தின இடத்தில் கொப்புளம். அபூர்வமான நோய், உடம்பு தானாகவே கொதிக்கிறது, யாருக்கும் ஒட்டாது என்றார்.

“தீராதுங்களா?”

“வந்து வந்து போகும்.”

“அப்ப அது வந்துட்டுப் போகட்டும். நான் எங்கயும் போகமாட்டேன்” என்றாள்.

திரும்பி வந்த மறுநாள் விடியலில் வாசல் வேப்பிலையை அவிழ்த்துக் கொண்டுபோய் மாரியம்மன் காலடியில் வைத்தாள். “ஒன்னோடத நீயே வச்சுக்க ஆத்தா.” நேரே பெரட்டுக்கு வந்து நின்றாள்.

“ஒனக்குப் பேரில்ல, போ. மத்தவங்களுக்கு ஒட்டுனா யாரு பொறுப்பு?” என்றார் கங்காணி.

“ஒட்டாதுன்னு டொக்டரே சொல்லிட்டாருங்க. கட்டுன நாள்லேருந்து எம் புருசன் என் தட்டுலதான் திங்கிறாரு. அவரு வாயத் தொறந்து பாருங்க. பொய்யத் தவிர ஒன்னும் இருக்காது.”

பெரட்டில் நின்ற அவள் புருசனே சிரித்துவிட்டார். நான் அவள் கோப்பையை வாங்கி, அவள் குடித்த மிச்சத் தேத்தண்ணியை எல்லார் முன்னாலும் குடித்தேன். தோட்டத்துத் துரை வந்து என்ன சத்தமென்று கேட்டார். கங்காணி அவசரமாகப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். பேர் விழுந்தது. அதற்குப் பிறகு புண் வந்த நாளிலும் அவள் பேர் விடுபடவில்லை.

கருமாதிக்குக் கங்காணியின் சம்சாரமும் வந்தார். அழுதார். தொண்டை காய்ந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். பாக்கியத்தின் நசுங்கின தகரக் கோப்பை என்னிடம்தான் இருக்கிறது. அதில் மொண்டு கொடுத்தேன். பாதி குடித்தபிறகு சொன்னேன்:

“அது பாக்கியத்தோட கோப்பைங்க.”

முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தார். துடைக்கட்டும். மிச்சத்தை நான் குடித்தேன்.

அந்தக் கோப்பையை யாருக்கும் தரமாட்டேன். தாகமென்று என் வாசலுக்கு யார் வந்தாலும் அதில்தான் தண்ணீர்.