உதவித் தொகையை வருமானம் என்று எழுதினேன்

மூளையில் இரத்தக் குழாய் வெடித்தபோது என் மனைவிக்கு முப்பத்தொன்பது வயது. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அதன் பிறகு எழுந்து உட்காரவே இல்லை. பேச்சும் போய்விட்டது. மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் பால்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு மலேசிய அரசாங்கம் மாதா மாதம் ஓர் உதவித் தொகை கொடுக்கிறது. அதில்தான் அவளுக்குப் பால் மாவும் டயப்பரும் வாங்கினேன். எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. கிள்ளான் வீட்டு வாடகைக்கும், பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் என் சம்பளம் சரியாகப் போய்விடும்.

அந்த வருடம் வருமான வரிப் படிவத்தை நானே கம்ப்யூட்டரில் நிரப்பினேன். "கவர்மென்ட் காசு வந்தா அதையும் காட்டணும்லா. மறைச்சா ஃபைன் வரும்" என்றார் கூட வேலை செய்பவர். பயந்துவிட்டேன். பன்னிரண்டு மாத உதவித் தொகையையும் கூட்டி மற்ற வருமானத்தில் போட்டேன். மாற்றுத்திறனாளி மனைவிக்கென்று ஒரு வரிக்கழிவு இருப்பது தெரியும். உதவியும் வாங்கிக்கொண்டு அதையும் கேட்டால் ஏமாற்றுவது போலாகும் என்று தொடாமல் விட்டேன்.

சில மாதங்களில் நல உதவி அலுவலகம் வருடாந்தரச் சோதனைக்காக வரிப் படிவத்தின் நகலைக் கேட்டது. கொடுத்தேன். அடுத்த மாதம் காசு வரவில்லை. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாகக் கடிதம் வந்தது.

முதலில் டயப்பரைக் குறைத்தேன். பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டினேன். காலையில் நான் கலக்கி வைத்துவிட்டுப் போகும் பாலில், ஆறு கரண்டி மாவு போட வேண்டிய இடத்தில் நாலு.

"பால் ஏன் தம்பி இப்படித் தண்ணியா இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"டாக்டர்தான் அப்படிக் கொடுக்கச் சொன்னாரு அக்கா."

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இரண்டு மாதத்தில் அவள் இடுப்பில் புண் வந்தது. துடைத்து மருந்து போடும்போது, இவள் போய்விட்டால் இவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்து விட்டு அழுதேன்.

கடைசியில் லீவு போட்டுவிட்டு, அந்தக் கடிதத்தோடு வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். என் படிவத்தைத் திரையில் பார்த்தாள்.

"இந்தத் தொகையைப் போடச் சொன்னது யாரு அண்ணே?"

"கூட வேலை செய்யறவரு சொன்னாரு. மறைக்கக்கூடாதுன்னு நானே போட்டேன்."

"உதவிக் காசு வருமானம் இல்ல அண்ணே. அதுக்கு வரி கிடையாது, இதுல காட்டவும் வேணாம். சரி, உங்க வைஃபுக்கு உள்ள வரிக்கழிவை ஏன் எடுக்கல?"

"ரெண்டும் வாங்கலாமா?"

"வாங்கலாம். அது வேற, இது வேற."

திருத்த விண்ணப்பத்தை அவள்தான் மலாயில் எழுதித் தந்தாள். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு சுலபமாக அவள் சொல்லிவிட்டாள். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் ஒருத்தியைப் பட்டினி போட்டிருந்தேன்.

திருத்திய கணக்கை நல உதவி அலுவலகத்தில் கொடுத்தேன். மேலும் இரண்டு மாதம் அலைந்த பிறகு உதவி மறுபடியும் வந்தது. விட்டுப்போன மாதங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சம்பளத்தில் பிடித்திருந்த வரியில் கொஞ்சம் திரும்பி வந்தது. அது புண்ணுக்கான மருந்துக்கே போனது. புண் ஆற வெகுகாலம் ஆயிற்று.

பால் விஷயத்தை அக்காவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் பால் மாவு டின்னைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். ஒவ்வொரு வேளைப் பாலையும் இப்போது அவரே கலக்கிக் கொண்டுவருகிறார். நான் கேட்டதில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று.