ரசமட்டம் வைத்த கடல்நாய்

கப்பலில் சமையல்காரராக இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அந்த முறை ஊருக்கு வந்தபோது டார்ச் லைட்டும் கொண்டுவரவில்லை, நைலான் புடவையும் கொண்டுவரவில்லை. சட்டைப் பையிலிருந்து பழுப்பேறிய தந்தத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. வழவழவென்ற உடம்பு, மீசைக்குப் புள்ளிகள், கால் இருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு.

“கடல்நாய் அக்கா இது.”

“நாய்னா காலு எங்கடா?” என்றாள் அம்மா. புடவை வராத கோபம்.

உலகத்தின் வடகோடியில் கோதுமை ஏற்றப் போன இடத்தில் இயந்திரம் பழுதாகிக் கப்பல் நின்றுவிட்டதாம். அங்கே குடியிருந்தவர்களை எஸ்கிமோ என்று மாமா சொன்னார். அவர்கள் தங்களை இன்யூட் என்று சொல்லிக்கொள்வார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அவர்களில் ஒரு வயதானவர் மாமாவின் மீன் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு இதைக் கொடுத்திருக்கிறார். வால்ரஸ் என்கிற கடல் மிருகத்தின் தந்தத்தில் செதுக்கியது. மாமா பேசும்போதெல்லாம் அது அவர் கையில் புரண்டுகொண்டே இருக்கும். அதன் வயிற்றில், கட்டைவிரல் போய் உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம்.

நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். அப்பா தோணி கட்டுகிற இடத்தில் தச்சர். வேலை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் கூழ். மாமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. கப்பல்காரனை நம்பிப் பெண் கொடுக்க ஆளில்லை. கடைசியாகச் சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த தூரத்து உறவுக்காரர் தன் பெண்ணை வந்து பார்க்கச் சொன்னார். இதுவும் தட்டிப்போனால் தம்பிக்குக் குடும்பமே இல்லை என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. உள்ளே ஜப்பான் பொம்மை, சங்கு, பீங்கான் வாத்து. மாமா கடல்நாயை அன்பளிப்பாக எடுத்து வைத்தார். காபித் தட்டோடு வந்த பெண்ணிடம் அவள் அப்பா அதைக் காட்ட, அவள் வாங்கிப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவள் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அப்படியும் இப்படியும் திருப்பினாள், சிரித்தாள், வைக்க மனமில்லாமல் நின்றாள்.

“குடும்மா, உள்ள வைக்கணும்” என்று அவள் அப்பா வாங்கி பீரோவில் வைத்தார். அது சாய்ந்தது. சுவரோரம் வைத்தார், சாய்ந்தது. வாத்தை முட்டுக் கொடுத்தார், வாத்தும் சேர்ந்து சாய்ந்தது.

“இன்னா தம்பி, பொணமாட்டம் படுத்துக்குது?”

“அது வைக்கிற சாமான் இல்லீங்க. கையில வச்சிக்கிறது.”

“கையிலயே வச்சிக்கினு இருந்தா கல்லாவ யாரு பாக்கிறது?” எல்லோரும் சிரித்தார்கள். “நிக்கிற மாதிரி பண்ணி எடுத்துக்கினு வாங்க, மீதிய அப்புறம் பேசுவோம்.”

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அம்மாவுக்கு அது நிபந்தனையாகக் கேட்டது. ரயிலில் வரும்போதே அப்பாவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மாமா பரங்கிப்பேட்டையில் இருந்த கப்பல் சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போனார். அப்பா அரத்தை எடுத்தார். தந்தம் தேயத் தேய, மயிர் கருகுகிற மாதிரி நாற்றம் வீடெல்லாம் பரவியது. வயிற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, பலகைமேல் நிறுத்தி, முதுகில் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. தோணிக்குக்கூட அப்பா அவ்வளவு பார்த்ததில்லை. கடல்நாய் மாடத்தில் தலைதூக்கி நின்றது. நான் கை தட்டினேன்.

சாயங்காலம் மாமா வந்தார். எடுத்துப் பார்த்தார். கட்டைவிரல் கீழே போய் எதையோ தேடியது.

“எப்டி மச்சான்? மலையாட்டம் நிக்குது” என்றார் அப்பா.

“நல்லா நிக்குது மாமா” என்று சொல்லிவிட்டு, மாமா கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

நான் எட்டாவதோடு ஊரை விட்டுக் கிளம்பியவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டுதல் என்று சுற்றி, ஒரு குளிர்காலம் டெல்லியில் கண்காட்சி ஒன்றுக்குப் பெட்டி தூக்கினேன். வடதுருவத்துப் பக்கத்துச் சிற்பங்கள். பெட்டி பிரித்த அம்மாள் எனக்குப் புரிகிற இந்தியில் சொன்னார். பழைய சிற்பங்களில் முக்கால்வாசிக்கு அடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. வேட்டைக்காக இடம் மாறிக்கொண்டே இருந்தவர்களுக்கு அலமாரி ஏது? கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், உடுப்பில் கட்டிக்கொள்வார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்களும் வியாபாரிகளும் வாங்க வந்த பிறகுதான், மேஜையில் நிற்பதற்காக அடியைத் தட்டையாகச் செய்யத் தொடங்கினார்கள். அதனால் எந்தச் சிற்பம் வந்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்போம் என்றார். எங்கள் கடல்நாய் அவர் கைக்குப் போயிருந்தால், வெள்ளைக்காரர் மேஜைக்காகச் செய்தது என்று எழுதிவைத்திருப்பார். முதுநகர்த் தச்சர் ஒருவரின் அரம் அந்தச் சரித்திரத்தில் வந்திருக்காது.

அப்பா அரம் போட்டதற்கு அடுத்த வாரம் மறுபடி சிதம்பரம் போனோம். பெண்ணின் அப்பா கடல்நாயைக் கூடத்துத் தரையில் வைத்து, விரலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. அவருக்குப் பரம சந்தோஷம். “வாம்மா, வந்து பாரு, நிக்குது!” என்று உள்ளே குரல் கொடுத்தார். தை மாதத்திலேயே முடித்துவிடலாம் என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கொண்டுவந்த காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடல்நாயைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் கீழே போனது, நின்றது. கவிழ்த்துப் பார்த்தாள். அரம் போன கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன.

“நான்தாம்மா செஞ்சேன்” என்றார் அப்பா.

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா பாயில் கையை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் கடல்நாயைத் தானே பீரோவில், பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். பெண் பார்க்க வந்தவருக்குத் தட்டோடு நீட்டுவதுதான் வழக்கம். அவளோ டம்ளரை மாமாவின் விரித்த கையிலேயே வைத்து, அவர் விரல்கள் மூடும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா திடுக்கிட்டுப் போனாள். பெண்ணின் அப்பா செருமினார்.

காபி ஆறிவிடப் போகிறதே என்று அவசரப்படுகிறாள் என நான் நினைத்துக்கொண்டேன்.