புத்வா எக்காவின் ஞாயிற்றுக்கிழமை மொழி

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது செல்வியிடமிருந்து போன் வந்தது. எங்கள் சர்வே அலுவலகத்தில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கித் தருபவர் செல்வி. சேத்தியாத்தோப்புப் பக்கம். அந்த வாரம் முழுக்க, வேலைக்கு வருமுன் மருத்துவமனைக்குப் போய் எக்கா சாரைப் பார்த்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்.

"எக்கா சார் பூட்டாருங்க மேடம். இங்கதான் நின்னுகினு இருக்கேன். யாருக்குச் சொல்றதுன்னு தெரியல."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. சொல்வதற்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருந்தார், அவருடைய தங்கை. அவரும் கணவரும் ராஞ்சியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று சற்று நேரம் தயங்கினேன். பிறகு அழைத்துச் சொல்லிவிட்டேன்.

புத்வா எக்கா எங்கள் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் சர்வேயர். மாதக் கடைசியில் சுரங்கத்தில் வெட்டும் முகப்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அவர் அளந்து வருவார். நான் அதை வரைபடத்தில் ஏற்றுவேன். பதினெட்டு ஆண்டுகள் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவர் சேர்ந்த முதல் வாரம், வருகைப் பதிவேட்டில் யாரோ அவர் பெயரை 'அக்கா' என்று எழுதிவைக்க, அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் வந்து, தமிழில் 'எ' எப்படி எழுதுவது என்று கேட்டு, தன் பெயரைத் தானே திருத்தி எழுதினார். எக்கா என்றால் ஆமை என்றும், தன் குலத்தார் ஆமையைக் கொல்லவோ தின்னவோ மாட்டார்கள் என்றும் சொன்னார். புதன்கிழமை பிறந்ததால் புத்வா.

டவுன்ஷிப்பில் அவரை முதலில் 'பீகார்காரர்' என்றார்கள். ஜார்கண்ட் தனி மாநிலமான பிறகும் அது மாறவில்லை. ஒருநாள் மதியம், வீணாய்ப்போன வரைபடத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் தன் ஊரை எனக்கு வரைந்து காட்டினார். நாலு பக்கமும் சரிந்து இறங்கும் சோட்டா நாக்பூர் மேட்டு நிலம். தெற்கு கோயல், சங்கு, சுவர்ணரேகா என்று திசைக்கு ஒன்றாக ஓடும் ஆறுகள். உச்சி தட்டையான மலைகள். அங்கே ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய அசுரர் என்னும் பழங்குடியினர். கீழே முண்டாக்கள், காரியாக்கள், தன் மக்களான ஓராவ்கள். கிழக்கே சந்தாலர்கள், தெற்கே ஹோக்கள். "இங்க தண்ணி பூமிக்குள்ளேர்ந்து மேல வருது மேடம், ராப்பகலா பம்ப் பண்றோம். எங்க ஊர்ல மேலேர்ந்து விழுது, ஆனா நிக்காது" என்றார்.

ஓராவ்கள் முன்பு ரோதாஸ் கோட்டையை ஆண்டார்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதையையும் அவர் மூலமாகவே அறிந்தேன். திருவிழாவில் ஆண்கள் குடித்துக் கிடந்த வேளை எதிரி வந்தபோது, பெண்கள் ஆண்வேடம் பூண்டு மூன்று முறை விரட்டினார்களாம். அதன் நினைவாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் ஆண் உடையில் வேட்டைக்குப் புறப்படுவார்களாம். தன் தாயார் வேட்டி கட்டி, தலைப்பாகையோடு அப்படிப் போனதைச் சிறுவயதில் பார்த்ததாகச் சொன்னார். "அன்னிக்கு அம்மாவைப் பார்த்து பயந்துட்டேன்."

ஒருநாள் செல்வி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, பல் வலிக்கிறது என்றார். எக்கா சார் அளவுக் கணக்கிலிருந்து தலை நிமிர்த்தினார். "பல்லா? எங்க வீட்லயும் பல்லுதான்." கண் அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய கண்தான். நீ என்பது நீன். வா என்பது பரா. தன் குடுக் மொழி தமிழுக்குத் தூரத்து உறவு என்பதை அவர் படித்து அறிந்திருந்தார். நாங்கள் கேட்காததால் சொல்லவில்லை.

"அப்ப நீங்க நம்ம ஆளுதான். இத்தினி வருசமா எதுக்கு சார் சொல்லாம இருந்துகினு இருந்தீங்க?" என்றார் செல்வி.

"எல்லாரும் இந்திக்காரர்னு சொன்னாங்க. இந்தி நான் ஸ்கூல்ல படிச்சது. உங்களுக்கு இங்கிலீஷ் மாதிரி."

அன்றிலிருந்து எனக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று சேர்ந்தன. முப்பதுக்கு மேல் போகவில்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் தனியாகவே இருந்தார். ஞாயிறு காலை, ஊரில் தாயாரின் பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைத்து அவரிடம் பேசுவார். வாரத்தில் அவர் தன் மொழி பேசியது அந்த அரைமணி நேரம்தான். தாயார் இறந்து, பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வந்தா வாய் என்ன செய்யறதுன்னு தெரியல, மேடம்."

தங்கையிடம் பேசலாமே என்று கேட்டேன். தங்கை இருப்பதே எனக்கு அதற்குச் சற்று முன்புதான் தற்செயலாகத் தெரிந்திருந்தது. சோமாரி என்று பெயர். முண்டா இளைஞர் ஒருவரை விரும்பி மணந்துகொண்டார். அண்ணன் அதை ஏற்கவில்லை. தாயாரின் சடங்கில்கூட இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த மேட்டு நிலத்தில் எத்தனை மக்கள் கூடி வாழ்ந்தார்கள் என்று எங்களுக்கு வரைந்து காட்டியவர், தன் வீட்டு வாசலில் அதைத் தாங்கவில்லை. இந்த அஞ்சலியில் இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். மறைத்தால் அவரை முழுதாகச் சொன்னதாகாது.

"நான் மொதல்ல போன் பண்ணா, நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும்" என்றார்.

"தப்புதானே சார்?" என்றேன்.

அவர் இரண்டு நாள் என்னோடு வேலை தவிர வேறெதுவும் பேசவில்லை. போனும் செய்யவில்லை.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. சென்ற மாதம், சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர் அலுவலகப் படியில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கவாதம் என்றார்கள். வலப்பக்கம் செயலற்றுப் போனது. மறுநாள் நினைவு திரும்பியபோது பேச்சு இருந்தது. ஆனால் தமிழ் இல்லை, இந்தி இல்லை, ஆங்கிலமும் இல்லை. நர்ஸ் என்னை வரச்சொல்லி, இது என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். அதற்குமேல் எனக்கும் வழி தெரியவில்லை. அவருடைய டைரியில் சோமாரியின் எண் இருந்தது. அன்றே அழைத்தேன். நான் அரைகுறை இந்தியில் சொல்லி முடிக்குமுன் அவர் அழத் தொடங்கிவிட்டார்.

டிக்கெட் கிடைத்துப் புறப்படவே அவர்களுக்கு நாலு நாள் ஆனது. புதன்கிழமை மதியம் நான் போனபோது எக்கா சார் என் விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டு பேசினார். அவசரமில்லாமல், இடையிடையே நிறுத்தி, எதையோ விளக்குவதுபோல. பரா என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. என்னிடம் ஏதோ ஒப்படைக்கிறார் என்று நினைத்தேன். தங்கை வந்தால் கேட்டுச் சொல்வார் என்று போனில் பதிவு செய்தேன். வெள்ளிக்கிழமை விடியலில் அவர் இறந்தார்.

சனிக்கிழமை வந்து சேர்ந்தார்கள். அண்ணனின் முகத்தைச் சோமாரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர்தான் எங்களோடு நின்று எல்லா வேலைகளையும் செய்தார். தோள் கொடுத்துச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். தகனம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். சோமாரி தலை குனிந்து கேட்டார். அவர் தங்கள் வீட்டுப் பேச்சில் மெல்லச் சொல்லச் சொல்ல, கணவர் எனக்கு இந்தியில் சொன்னார்.

'சந்தை கலைஞ்சுபோச்சு. அழாதே. என் துண்டைப் பிடிச்சுக்கோ, வா. ஆத்துல தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்கு. அந்தச் சால மரங்களைத் தாண்டினா நம்ம வீட்டுப் புகை தெரியும். வா.'

சோமாரிக்கு அப்போது ஆறு வயதாம். வாரச் சந்தையில் மழை பிடித்து, தாயார் கூட்டத்தில் தவறிப்போக, அண்ணன்தான் ஆற்றைக் கடத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தாராம்.

"என்கிட்டதான் பேசறார்" என்று சோமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் சொன்னார். "என்னைத்தான் வான்னு கூப்பிடறார்."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சில் எனக்கென்று ஒன்றும் இல்லை என்பதும் அதே கணத்தில் புரிந்தது.

எலும்புகளை ஒரு சிறு மண்கலத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். அறுவடை முடிந்து, குளிர்காலத்தில், குலத்தாரின் எலும்புகளெல்லாம் சேரும் இடத்தில் அவற்றையும் சேர்ப்பார்களாம். விருத்தாசலத்தில் ரயிலேற்றிவிட்டு, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே தனியாகப் பஸ்ஸில் திரும்பினேன். பதிவைச் சோமாரிக்கு அனுப்பிவிட்டேன். என் போனிலும் இருக்கிறது. அதில் அவர் குரல் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், ஒன்றும் புரியாத என் குரல், "சரி சார்... ஆமா சார்... வரேன் சார்" என்கிறது.

ஆறு கடந்து, வீடு போய்ச் சேருங்கள், எக்கா சார்.