தவறிட்டாவ

எங்கள் வீட்டில் நடந்த இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து என் அக்கா கணவர் புனேக்கு வருவதாக இருந்தது. ரிட்டயர் ஆனபிறகு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு! அன்று காலை ஊரிலிருந்து அவருக்கு ரயில். நான் மொபைலை சார்ஜில் போட்டுவிட்டு, அத்தானுக்குப் பிடித்த சேனைக்கிழங்கு தேடி தாபோடி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஃபோன். எடுத்தவள் என் மகள் நிவி.

நிவிக்கு இருபது வயது. இங்கேயே பிறந்தவள். காலேஜில் மராத்தி, ஃப்ரெண்ட்ஸோடு ஹிந்தி, வீட்டில் மட்டும் தமிழ் – அதுவும் தட்டித் தடுமாறி.

பேசியது அத்தானின் தம்பி.

"அம்மா இல்லியாம்மா? பெரியப்பா காலையில தவறிட்டாவம்மா... அம்மாட்ட சொல்லிரு."

"ஓ... பரவால்ல சித்தப்பா. அடுத்த ட்ரெயின்ல வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் லைனைக் கட் பண்ணிவிட்டார்களாம்.

நான் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அம்மா, பெரியப்பா ட்ரெயின் மிஸ் பண்ணிட்டாராம்."

சிரித்தேன். ஆமாம்... சிரித்தேன்! ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் ரயிலை விடுவதா? கிண்டல் பண்ணலாமென்று அவர் நம்பருக்கே அடித்தேன். எடுக்கவில்லை. வெட்கப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு கிழங்கை எடுத்து வைத்தேன்.

மதியம் போசரி ஃபேக்டரியிலிருந்து என் கணவர் கூப்பிட்டார்.

"வசந்தி... ஊர்லருந்து கேக்காங்க, எப்ப கிளம்புதீங்கன்னு. நிவிகிட்ட காலையிலயே சொல்லியாச்சாமே?"

"எதை?"

சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு நிவியைக் கூப்பிட்டேன்.

"நிவி, சித்தப்பா என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"தவறிட்டாவன்னு. மிஸ் பண்றதுதானேம்மா? பஸ்ஸைத் தவற விட்டுட்டேன்னு நீ சொல்லுவியே?"

அர்த்தத்தைச் சொன்னேன்.

"ஐயோ... நான் என்னம்மா சொல்லிருக்கேன்! மராத்தில 'ஆஃப் ஜாலே'ன்னா இறந்துட்டாங்கன்னு எனக்குத் தெரியும்மா. இது தெரியலையே!"

அடுத்த வீட்டு பாஷையில் நாசூக்காகச் சொல்வது இவளுக்குப் புரிகிறது. சொந்த பாஷையில் புரியவில்லை. காலமானார், இயற்கை எய்தினார், போய்ச் சேர்ந்துட்டார்... எத்தனை வைத்திருக்கிறோம்! இதெல்லாம் என்னவென்று இவளுக்கு யார் சொன்னோம்?

விமானத்தில் சென்னை, அங்கிருந்து கார். "நீ வர வேண்டாம்" என்றேன். நிவி கேட்கவில்லை. மறுநாள் காலை ஊரில் போய் இறங்கினோம். எங்களுக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

வாசலிலேயே காதில் விழுந்தது. "இந்தப் பிள்ளைதான் அப்படிச் சொல்லிச்சாம்..."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அக்கா பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்! எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது?

அக்கா அழவில்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். நிவி யாரையும் பார்க்காமல் நேராக அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, எனக்கு அந்த வார்த்தை தெரியாது. ப்ராமிஸா தெரியாது. சாரி பெரியம்மா..."

அக்கா சுவரிலிருந்து கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"தெரியாதாட்டி?" என்றாள் அக்கா. பிறகு, எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாக, "உங்க பெரியப்பா செத்துப் போயிட்டாவ. இனிமே வரமாட்டாவ" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது போலிருந்தது. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. நிவியைக் கட்டிக்கொண்டு கதறினாள்... கதறினாள்... யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க அத்தனை பேர் இருந்த வீட்டில், அந்தச் சொல்லை ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. டாக்டர்கூட 'முடிஞ்சு போச்சு' என்றுதான் சொன்னாராம். துக்கம் தாங்காது என்றுதானே செய்தியை நல்ல துணியில் சுற்றித் தருகிறோம்? கூடவே அழுகையையும் சுற்றி வைத்துவிடுகிறோமோ?

இப்போது அக்கா தினமும் ஃபோன் பண்ணுகிறாள். எனக்கு அல்ல, நிவிக்கு. அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று பொறுக்கமுடியாமல் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"மத்தவங்க எல்லாரும் நான் என்ன சொன்னாலும் தலையாட்டுதாங்கட்டி. அவ ஒருத்திதான் 'அப்படின்னா என்ன பெரியம்மா'ன்னு கேக்கா" என்றாள்.

நமக்குத்தான் எல்லாம் புரிந்துவிடுகிறதே!