வரைபடத்தின் மீதி

கடல் மேற்பரப்பின் வெப்பநிலையைப் பற்றி நானும் நண்பனும் கல்லூரியில் சேர்ந்தே ஆராய்ந்தோம். போன மாதம் செங்கம் சாலை விடுதியொன்றில் அவன் பேசுவதாகக் கேள்விப்பட்டு ஆசையாகப் போனேன். கடல் சூடாவதற்குச் சூரியன்தான் காரணம், நாம் எரிக்கும் நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை என்றான். ஆதாரமாகத் திரையில் காட்டியது நாங்கள் இருவரும் வரைந்த வரைபடம். சூரிய வெப்பம் கூடாமலே கடல் சூடேறிய கடைசி ஆண்டுகளை மட்டும் அதிலிருந்து வெட்டி நீக்கியிருந்தான்.

நான் எழுந்து நின்றேன். "மீதி எங்கடா? ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதுதானே?"

அவன் முகம் மாறவில்லை. "சார் யாருன்னு தெரியலயே. கேள்வியெல்லாம் கடைசில கேளுங்க."

இத்தனை வருடமும் என்னை வாடா போடா என்றவன் அவன். வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்பதைக் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்றுவரை அவன் என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை.